ஈரம் காயும் வரை

மிங்க், போல்கேட், ஃபெரெட் மூன்றும் கீரி உருவம்தான். நனைந்துவிட்டால் மூன்றும் ஒன்றுதான். இதை எத்தனை பேருக்குத்தான் கத்திக் கத்திச் சொல்வது? கோழி போன ஆத்திரத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடுகிறார்கள். கறுப்பாக எது அசைந்தாலும் சுடுகிறார்கள். அப்புறம் என் வாசலில் ஒரு செத்த பிராணியைப் போட்டு, "நெஸ்ட்டா, இது என்னன்னு பாரேன்" என்கிறார்கள். செத்த பிறகு என்னவாக இருந்தால் எனக்கென்ன?

கூண்டில் விழுந்தது மிங்க் என்றால், அது வெளிநாட்டிலிருந்து வந்த பீடை, கொல்ல வேண்டும், சட்டம் அப்படி. போல்கேட் காட்டுப் பிராணி, அதைத் திறந்து விட்டுவிட வேண்டும். ஃபெரெட் என்றால், வளைக்குள் புகுந்து முயலை வலைக்கு விரட்ட யாரோ வளர்த்தது, சொந்தக்காரனைத் தேடிக் கொடுக்க வேண்டும். தைவி ஆற்றில் மிதவைக் கூண்டு போட்டு மிங்க் பிடிப்பது என் பிழைப்பு. அதனால்தான் அந்த அக்டோபரில் என் அண்ணி எலினெட் என்னைக் கூப்பிட்டாள்.

"மிங்க் ஒண்ணு வீட்டுக்கு வருது. வந்து சுட்டுட்டுப் போ."

"வீட்டுக்கா? மிங்குக்கு உங்க வீட்டுல என்ன வேலை?"

"அதை நீ வந்து அதுகிட்டயே கேளு."

போனேன். பின்கதவுக்குப் பக்கத்தில் என் அண்ணன் இட்வலின் பழைய பூட்ஸ் அப்படியே இருந்தது. பிப்ரவரியில் அவன் காணாமல் போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பிராணி வந்து பூட்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறதாம். இவள் கத்தினால் நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறதாம்.

இட்வல் போன கதை ஊருக்கே தெரியும். மண்வெட்டி, வலை, பெட்டியில் பெக்கி என்கிற ஃபெரெட், இவ்வளவும் எடுத்துக்கொண்டு, "மலை உச்சிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முயலுக்குப் போகிறவன் இடத்தை உள்ளபடி சொல்ல மாட்டான், பெண்டாட்டியிடம்கூட. சொன்னால் நாளைக்கு அவன் கண்டுவைத்த முயல் வளையில் வேறொருவன் வலை கட்டிவிடுவான். இங்கே எல்லோரும் அப்படித்தான், நானும்தான். போலீஸ் மலை உச்சியைச் சல்லடை போட்டுச் சலித்தது. எங்களுக்குத் தெரிந்த வளைகளையெல்லாம் நாங்கள் பார்த்தோம். அவனுக்கு மட்டும் தெரிந்த வளையை எங்கே போய்த் தேடுவது?

அதே வாரம் சுற்றுலாக்காரர்கள் தங்கும் காரவான் முகாமில் வேலை பார்த்த ரோவெனாவும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போயிருந்தாள். அவ்வளவுதான், ஊர் கணக்கை முடித்துவிட்டது. பெக்கியை விட்டுவிட்டு அவன் எங்கும் குடியேற மாட்டான், பெக்கியையும் காணோம், ஆக மொத்தம் மூன்று பேரும் எங்கோ சுகமாக இருக்கிறார்கள். நானும் நம்பினேன். என் அண்ணனை என்னைவிட அதிகம் திட்டியவர்கள் யாரும் இருக்க முடியாது.

ஒரு தட்டில் ஈரக் களிமண்ணைப் பரப்பிப் பின்கதவு நிலைக்கு உள்ளே வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டுவிட்டு வந்தேன். மிதவைகளில் தடம் பார்க்க நாங்கள் செய்வது அது. காலையில் போய்ப் பார்த்தால் ஐந்து விரல் தடம் உள்ளே வந்திருந்தது. வெளியே போன தடம் இல்லை. கட்டிலுக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், பரணில் எல்லாம் தேடினேன். பிராணி இல்லை. சமையலறையில் மட்டும் ஃபெரெட் வாடை கும்மென்று அடித்தது, பெக்கியின் கூண்டு காலியாகி எத்தனையோ மாதம் ஆன பிறகும்.

"என்ன தடம்?" என்றாள் அண்ணி.

"தடத்தை வச்சு மூணையும் பிரிக்க முடியாது அண்ணி."

"மிங்குதான். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இதுவரை ஒரு மிங்கையாவது கிட்டத்துல பாத்திருக்கீங்களா?"

"நீ உன் வேலையைப் பாருடி. பிடி, சுடு. அவ்வளவுதான்."

வேறு வழியாகப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு வேறு வழியே கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றில் மிதவைக் கூண்டு வைத்தேன். நல்ல மழை பெய்த ஒரு காலையில் கதவு விழுந்திருந்தது. உள்ளே கன்னங்கறேலென்று, சொட்டச் சொட்ட நனைந்து, மூலையில் சுருண்டு கிடந்தது. கூண்டை அண்ணியின் கொட்டகைக்குத் தூக்கி வந்து மேசை மேல் வைத்தேன். அவள் ஏர்கன்னோடு வந்தாள்.

"கறுப்பா இருக்கு பாத்தியா? மிங்கு."

"நனைஞ்சா நான்கூட மிங்குதான். காயட்டும்."

"காயுற வரைக்கும் என்ன வேடிக்கை? குடு, நானே சுடறேன்."

"அண்ணி, துப்பாக்கியைக் கீழ வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல!"

வைத்தாள். இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். கூரைத் தகரத்தில் மழை விடாமல் அடித்தது. அது தன்னை நக்கிக்கொண்டது, உதறிக்கொண்டது, எங்களையே பார்த்தது. அண்ணி கண்ணை எடுக்கவே இல்லை. அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மிங்க், மிங்க், மிங்க்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மூளை இருக்கவேண்டிய இடத்தில் களிமண். இது மிங்க் என்றால் இட்வல் எங்கோ உயிரோடு இருக்கிறான். போல்கேட் என்றாலும் இருக்கிறான். பெக்கி என்றால், அதைத் தனியே விட்டுவிட்டுப் போகிறவன் அவன் இல்லை. அவன் இங்கேதான் எங்கோ மண்ணுக்குள் கிடக்கிறான்.

விலாவில் முதலில் காய்ந்தது. கறுப்பு மயிருக்கு அடியில் பாலாடை நிறம் தெரிந்தது. மிங்குக்கு உடம்பு பூராவும் ஒரே பழுப்பு, அடிமயிர்கூட மங்கல்தான். அப்புறம் முகம் காய்ந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாயைச் சுற்றி மாவு பூசின மாதிரி வெள்ளை.

"மிங்க் இல்ல அண்ணி" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அப்ப போல்கேட்." ஒரு நொடிகூட அவள் யோசிக்கவில்லை. "காட்டுல கெடக்கறது. தொறந்து விட்டுடு. சட்டம் அதான? நீதான சொல்லுவ?"

ஆமாம் என்று சொல்லித் திறந்து விட்டிருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்காதே. "பட்டை மூக்கு வரைக்கும் அழுத்தமா இறங்கல. ஆனா குளிருக்கு மயிர் மாறுற நேரம், நிறத்தை வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். போல்கேட்டா இருந்தா கை விட்டா எலும்பு வரைக்கும் கடிக்கும். கையில வளந்தது கடிக்காது."

நான் கையுறையை மாட்டுவதற்குள் அவள் கூண்டின் மேல்கதவைத் தூக்கி வெறுங்கையை உள்ளே விட்டுவிட்டாள்.

"ஐயோ, அண்ணி!"

"கடி" என்றாள் அதைப் பார்த்து. "கடியேன். நல்லாக் கடி."

அது மோந்து பார்த்தது. விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து ஏறி, ஸ்வெட்டர் கைக்குள் தலையை நுழைத்து, அப்படியே தோள் வரை போய்ச் சுருண்டுகொண்டது. பெக்கி எப்போதும் அப்படித்தான் செய்யும். அண்ணி அழவில்லை. கையை மடக்காமல் நீட்டியபடியே, யாரோ தூங்குகிற குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஊருல வேற யாருடையதாவது இருக்கும்" என்றாள் கடைசியில்.

"இருக்கலாம் அண்ணி."

"இருக்கலாம்னு சொல்லாத. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

நானும் முயலுக்குப் போகிறவள்தான். வளைக்குள் இறங்கும் ஃபெரெட்டின் கழுத்தில் சிக்னல் அனுப்பும் சிறு பட்டை கட்டுவோம். அது மண்ணுக்குள் எங்கே இருந்தாலும் கையிலிருக்கிற பெட்டி டிக், டிக் என்று சொல்லும். எங்கே தங்குகிறது என்று அதுவே காட்டட்டும் என்று, என் பட்டை ஒன்றை அதன் கழுத்தில் கட்டினேன். மழை விட்டதும் ஆற்றங்கரையில் இறக்கி விட்டோம். அது அவசரப்படவில்லை. கரையோரமாகவே போயிற்று, நடுவில் நின்று திரும்பிப் பார்த்தது, நாங்கள் வருகிறோமா என்று பார்ப்பது போல. வேலியருகே பக்கத்துப் பண்ணைக்காரர் கெத்தின் நின்றிருந்தார்.

"என்னம்மா நெஸ்ட்டா, நாய்க்குப் பதிலா இதையா நடத்திட்டுப் போற?"

"மண்வெட்டி எடுத்துட்டு வாங்க அண்ணே. கேள்வி கேக்காதீங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மண்வெட்டியோடு வந்தார்.

ஆறு வளைகிற இடத்தில், முட்புதர் மண்டிய ஒரு மணல் மேட்டுக்குள் அது நுழைந்து மறைந்தது. பாதி மேடு சரிந்து, அதன் மேல் இந்த வருடத்துப் புல்லும் காஞ்சொறியும் முளைத்திருந்தன. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். மலை உச்சியில் நாங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் இங்கே, இவ்வளவு பக்கத்தில். பெட்டியை மண்ணோரம் பிடித்தேன். டிக், டிக், டிக். என் காலுக்கு நேர் கீழே.

கெத்தின் வெட்டினார். நான் கையால் அள்ளினேன். முதலில் ஒரு கூடு வந்தது, காய்ந்த புல்லும் நீலக் கம்பளி நூலுமாகப் பின்னி, நடுவில் பெக்கியின் உடம்புச் சூடு இன்னும் ஆறாமல். அந்த நூலை அண்ணி குனிந்து எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். இட்வலுக்கு அவள் பின்னிய ஸ்வெட்டர்.

"போதும்" என்றார் கெத்தின். "நெஸ்ட்டா, அவளைத் தள்ளிக் கூட்டிட்டுப் போ."

அவள் நகரவில்லை. இட்வல் குப்புறக் கிடந்தான், ஒரு கை தோள் வரை வளைக்குள். உள்ளே மாட்டிக்கொண்ட பெக்கியை எடுக்கக் கைவிட்டிருக்கிறான், மேலிருந்து மேடு சரிந்துவிட்டது. பெக்கி எப்படியோ வழி தோண்டி வெளியே வந்திருக்கிறது. வெளியே வந்தும் போகவில்லை. அவன் ஸ்வெட்டரைப் பிய்த்து அவன் பக்கத்திலேயே படுக்கை போட்டிருக்கிறது.

எனக்கு அழுகை பீறிட்டது. எத்தனை திட்டு திட்டியிருப்பேன் இவனை. அண்ணியைக் கட்டிக்கொண்டேன். "பாத்தீங்களா அண்ணி? எங்கண்ணன் உங்களை விட்டுட்டுப் போகல. யாரு கூடயும் போகல. இனிமே ஊர்ல எவ வாயைத் தொறக்கறான்னு பாக்கறேன்."

அவள் என் கையை மெதுவாக விலக்கினாள். ஈர மண்ணில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"போயிருக்கலாம்ல, நெஸ்ட்டா" என்றாள். "எட்டு மாசமா எனக்கு ஒரே கவலை, ரோவெனா இவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடறாளோ இல்லையோன்னு."