மூன்றாவது வைஸ்

ஷாநவாஸ் கடை மேசையில், சாமானைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸ்கள் இரண்டு ஏற்கெனவே வேண்டாமென்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. ஒன்றுக்குக் கைப்பிடி இறுக்கம் என்றான் வாங்க வந்த ஜெரோம். இன்னொன்றின் வாய் ஆடுகிறது என்றான். கோவை உக்கடத்தில் அவன் ஏறி இறங்கும் ஐந்தாவது கடை இது. கூட வந்த மனைவி கிருபா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் புடிச்ச வைஸை இனிமேத்தான் வார்க்கோணுமாட்ட இருக்குதுங்ண்ணா," என்று சிரித்தபடி ஷாநவாஸ் மூன்றாவதை எடுத்து வைத்தான். சின்னது. கழுத்துத் திருகைத் தளர்த்தினால் தலை எந்தப் பக்கமும் சாயும்.

சட்டைப்பையிலிருந்து கேஸ் அடுப்பின் பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்து அதன் வாயில் வைத்தான் ஜெரோம். கைப்பிடியைத் திருப்ப வலக்கையை விட்டதும் குழாய் நழுவியது. கிருபாவின் கை நீண்டு அதைப் பிடித்துக்கொண்டது.

"உன்னைப் புடிக்கச் சொன்னனா?"

அவள் குழாயை மேசையில் வைத்தாள்.

துடியலூர்ப் பட்டறையில் பிரஸ் மெஷின் அவனுடைய இடக்கை விரல்களை நசுக்கி, கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்து நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு அன்னூரில் மிக்ஸி ஜாரும் கேஸ் அடுப்பும் பழுது பார்க்கிறான். "புடி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கிருபா அடுப்படியிலிருந்து வந்து சாமானைப் பிடித்துக்கொள்வாள். இப்போது அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிடுகிறது. திங்கட்கிழமை வேன் வரும். "ஒத்தைக் கையில ஓட்டற வைஸ் கெடைக்கட்டும், அப்பறம் போ" என்று அவன் சொல்லியிருந்தான்.

"இப்புடி உடுங்ண்ணா, நான் திருகிக் காட்டறேன்," என்றான் ஷாநவாஸ்.

"நீங்களா பாய் அன்னூருக்கு வந்து திருகப் போறீங்க?"

ஷாநவாஸ் கையை எடுத்துக்கொண்டான். ஜெரோம் குழாயை எடுத்துத் திரும்ப வைஸின் வாயில் வைத்தான். குழாய் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை யாரும் பிடிக்கவில்லை. தரையில் உருண்டு போனதை அவனே குனிந்து எடுத்தான். ஆத்திரத்தில் வைஸின் தலையை ஒரு தள்ளு தள்ளினான். திருகு தளர்ந்திருந்ததால் அது வாய் பக்கவாட்டைப் பார்க்க அப்படியே படுத்துக்கொண்டது. கைப்பிடி மேலே வந்தது. அசையாத தாடை பலகை போல அடியில் கிடந்தது.

ஜெரோம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்துத் திருகை இறுக்கினான். அடித்தாடையின் மேல் குழாயை வைத்தான். அது விழாமல் உட்கார்ந்துகொண்டது. கைப்பிடியைத் திருகத் திருக மேல்தாடை இறங்கி வந்து கவ்வியது. இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

சந்தோஷம் வரவில்லை. முதல் கடையில் பார்த்த ஒரு வைஸும் இப்படிக் கழுத்துச் சாய்கிறதுதான். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வெளியே வந்திருந்தான். ஏன் என்பது அவனுக்கு அப்போதே தெரியும். எந்த வைஸும் ஆகாது என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தான்.

"ஏனுங்க," என்றாள் கிருபா. "அப்பத் திங்கக்கெழமை நான் போலாமுங்களா?"

அவன் கைப்பிடியைத் தளர்த்தினான், மறுபடி இறுக்கினான்.

"வேன் ஆறே முக்காலுக்குங்கற. சோறு எப்ப ஆக்குவ?"

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சா ஆக்கிப்போடலாமுங்க."

குழாய் இன்னும் வைஸின் வாயில் இருந்தது. அதைக் கழற்றாமலே, "இதையே கட்டுங்க பாய்," என்றான் ஜெரோம்.