பென்சில் சீவிய இடம்

மறுநாள் மேடையேற வேண்டிய பாட்டு, முந்தின நாளே கீழ்த்தளத்துத் தையல்கடையில் கேட்டது. கச்சேரிக்குத் தைக்கக் கொடுத்த உடையை வாங்க வந்த பாடகி வாசலிலேயே நின்றுவிட்டார்.

முப்பது வருடமாகப் பிறர் பாட்டைப் பாடியும் சொல்லிக்கொடுத்தும் பெயரெடுத்தவர். தாமே கட்டிய பாட்டை மேடையில் பாடத் துணிந்தது இதுதான் முதல்முறை. மாணவிகளிடம்கூட வாய் திறக்கவில்லை. மாடியில் தன் வீட்டுப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கடவுளுக்கு மட்டும் பாடிக் காட்டியிருந்தார்.

"அது என்ன பாட்டு, அக்கா?" என்று தையற்காரியிடம் கேட்டார்.

"இதுவா டீச்சர்? ரெண்டு மாசமா வாயில ஒட்டிக்கிச்சு. ரேடியோவுல வந்ததா இருக்கும்."

பாடகிக்குச் சந்தேகம் வந்தது. எப்போதோ காதில் விழுந்ததையா தன்னுடையது என்று கட்டிவிட்டோம்? நாளைக்குத் திருட்டுப் பட்டம்தான். அந்தப் பாட்டைக் கச்சேரியிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். ஆனாலும் ஆவல் விடவில்லை.

"இன்னொரு தடவை பாடுங்களேன்."

"உங்க முன்னாடியா? என் குரலுக்கு மெஷின் சத்தந்தான் லாயக்கு!" என்று சிரித்தபடியே தையற்காரி மிதியை மிதித்து முணுமுணுத்தாள்.

மூன்றாம் வரியின் நடுவில் சட்டென்று நிறுத்தினாள். வாய் மூடியிருக்க, தலையும் மிதியின் மேல் பாதமும் மட்டும் ஆடின. பாடகியின் விரல்கள் தொடையில் தட்டி எண்ணின: நான்கு. பிறகு பாட்டு தொடர்ந்தது.

"அங்க ஏன் நிறுத்தினீங்க?"

"அங்க எப்பவும் நிக்கும் டீச்சர். சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் வரும், அப்புறந்தான் மிச்சம்."

பாடகி நிமிர்ந்து பார்த்தார். மெஷினுக்குப் பின்னால் ஒரு சன்னல். அதற்கு நேர் மேலே அவருடைய பின்னறைச் சன்னல். கதவைச் சாத்தியவர் அதைச் சாத்தியதே இல்லை. அந்த மூன்றாம் வரி பிடிபடாமல், தினமும் அந்த இடத்தில் நிறுத்தி, பென்சில் சீவி, அழித்து எழுதியவர் அவர்தான்.

அடக்கமாட்டாமல் சிரித்தார். "அக்கா, உங்க ரேடியோ நான்தான்!"

"அடக் கடவுளே! இத்தனை நாளா ஓசிக் கச்சேரியா கேட்டேன்?"

மறுநாள் மேடையில் பாடகி சொன்னார்: "இந்தப் பாட்டில் ஒரு மௌனம் வரும். அது எங்கள் கீழ்த்தளத்துத் தையல்கடை அக்கா தைத்துக் கொடுத்தது."

மூன்றாம் வரியில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு பாதம் மட்டும், இல்லாத மிதியை நான்கு முறை மெல்ல அழுத்தியது. பாடகி அதைப் பார்த்துத்தான் அடுத்த சொல்லை எடுத்தார்.