நாற்பத்திரண்டாவது வரி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. நான் எழுத இருந்த நாவலில் முப்பது பேர். பெயர், வயது, தொழில், பலவீனம் என்று கணினியில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் வயது நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொன்னேன். அடுக்கியது. மற்ற நெடுவரிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நீதிபதிக்கு ஆறு வயது. அவருடைய பேரனுக்கு எழுபத்தெட்டு. இதைக் கவனிக்காமல் சேமித்து, மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நாவல் போயிற்று. அழுதிருக்க வேண்டும். ஆறு வயது நீதிபதி தீர்ப்புச் சொல்லுவதை நினைத்துச் சிரிப்புதான் வந்தது. இதே தப்பை என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். இதையும் அட்டவணையில்தான் எழுதுகிறேன், கட்டத்துக்கு ஒரு வாக்கியம். அழித்த கட்டங்கள் சில கண்ணில் படும். கண்டுகொள்ளாதீர்கள்.

2.

"மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில் அவள் தன் கடந்தகாலத்தை" (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

"விசைப்பலகையில் அவள் விரல்கள் நடனமாடி" (ஆடவில்லை. விரல்கள் உட்காரட்டும்.)

நேராகச் சொல்கிறேன். ஒரு அண்ணி, ஒரு நாத்தனார். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயையும் பூனையையும் விட்டுப்போகும் விடுதியை அண்ணி நடத்துகிறார், வீட்டின் பின்பக்கம். அண்ணன் வேனில் போய்ப் பிராணிகளை ஏற்றி இறக்குபவர். இந்தக் கதை முழுக்க அவர் வேனிலேயே இருப்பார். நாத்தனார் வேலை போய், பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். இது நாலாவது மாதம். இரு என்று அண்ணி சொல்லவில்லை. கிளம்பு என்றும் சொல்லவில்லை. அவளுக்கோ இங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. வாய்விட்டுக் கேட்கத்தான் துணிச்சல் இல்லை.

அதனால் கேட்காமலே வேலை செய்தாள். அண்ணியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் அட்டவணைக்கு மாற்றினாள். நாற்பது பிராணிகள், நாற்பது வரிகள். கூண்டு, இனம், உணவு, மருந்து, குறிப்பு.

3.

இந்த நாத்தனாரை நம்பலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. முதல் வரைவில் அவளுக்குக் கணினிப் பட்டமும் தடித்த கண்ணாடியும் கொடுத்திருந்தேன். ஷார்ட்கட் தெரிந்தவள் என்றால் கண்ணாடி போட்டிருக்க வேண்டுமா என்ன? பிடுங்கிவிட்டேன்.

அவள் கற்றுக்கொண்ட காரணம் வேறு. விடுதியில் ஒரு பூனைக்குட்டி இருந்தது. கீழே விட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். எனவே அவள் வலது கை எப்போதும் பூனைக்குட்டியிடம். மௌஸ் பிடிக்கக் கை இல்லை. இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். கன்ட்ரோலோடு சி என்றால் நகல். வி என்றால் ஒட்டு. டி என்றால் மேல் கட்டத்தில் இருப்பது அப்படியே கீழே இறங்கும். இசட் என்றால் செய்ததைச் செய்யாததாக்கு.*

(* வாழ்க்கையில் இப்படி ஒரு பொத்தான் இல்லையே என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீங்கள் ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள் என்பதால் நீக்கிவிட்டேன்.)

அவளுக்கு மிகவும் பிடித்தது வலப்பக்கத்து கன்ட்ரோலும் என்டரும். நாற்பது கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, "தண்ணீர் மாற்றியாயிற்று" என்று ஒரே ஒருமுறை அடித்து அந்த இரண்டையும் அழுத்தினால், நாற்பதிலும் தண்ணீர் மாறிவிடும். முதல்முறை அது நடந்தபோது பூனைக்குட்டிக்கு முத்தம் கொடுத்தாள்.

4.

அன்று காலை எட்டு மணி. யார் யாருக்கு மருந்து என்று ஒரே பார்வையில் பார்க்க நினைத்து, மருந்து நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினாள். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அடுக்கட்டுமா என்று கணினி மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்றாள். வேகம் தலைக்கேறியிருந்தது. பிறகு மூன்றரை மணிநேரம் அதே அட்டவணையில் மும்முரமாக வேலை பார்த்தாள்.

பதினொன்றரைக்கு அண்ணி வந்து திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆமைக்கு எதுக்கு இருமல் மருந்து?"

"ஆமைக்கா?"

"கிளிக்கு மூட்டுவலி மாத்திரைன்னு வேற போட்டிருக்கே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். முதலில் சிரிப்பு நின்றது நாத்தனாருக்குத்தான்.

முந்தின நாள் மாலை ஒரே வீட்டிலிருந்து மூன்று பழுப்பு நாய்கள் வந்திருந்தன. ஒரே ஈற்றில் பிறந்தவை, அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கும். அதில் ஒன்றுக்கு வலிப்பு. பன்னிரண்டு மணிக்கு மாத்திரை தவறக்கூடாது. எந்த நாய்க்கு என்று எழுதிக் கொடுத்த சீட்டை, அவள் அட்டவணையில் ஏற்றிய கையோடு, ஆமை தின்றுவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் சாயங்காலம்வரை விமானத்தில்.

(மருத்துவரைக் கேட்கலாமே என்கிறீர்களா? கேட்டார்கள். அவருக்கும் மூன்றும் புதுசு. மூன்றுக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.)

"அண்ணி, நான்தான் பண்ணிட்டேன். மருந்தை மட்டும் தனியா அடுக்கிட்டேன்."

"சரி, திருப்பு."

"ஃபைலை இன்னும் மூடல. இசட் அழுத்தினா பின்னால போகும். ஆனா நூறு தடவைதான் போகும். அதுக்கு மேல ஞாபகம் வெச்சுக்காது."

"காலையிலிருந்து நூறுக்கு மேல பண்ணியிருப்பியா?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு கட்டமாக ஒட்டியிருந்தால் தண்ணீர் மட்டுமே நாற்பது. ஒரே அழுத்தலில் நிரப்பியதால் அது ஒன்று. உணவு, குளியல், நடை எல்லாமே ஒன்று ஒன்றுதான். போய்ச் சேரலாம்.

ஆனால் வழியில் இன்னொன்று இருந்தது. ஒன்பதரைக்கு, தட்டு கழுவவில்லை என்று அண்ணி ஒரு கத்து கத்திவிட்டுப் போனார். அந்தக் கோபத்தில் நாற்பத்தோராவது வரியாக ஒன்றை அடித்து, தானே சிரித்து, உடனே அழித்திருந்தாள். பின்னால் போனால் அது எழுந்து வரும். அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போய் மாத்திரையை எடுத்து வைங்களேன் அண்ணி."

"எடுத்து வெச்சாச்சு. நீ அழுத்து. நான் எண்றேன்."

5.

இந்த இடத்தில் நான் மாற்றிப் பார்த்தேன். அண்ணியின் போன் ஒலிப்பதாக எழுதினேன். கோழைத்தனம், அழித்தேன். அவள் வரியைக் கையால் மறைப்பதாக எழுதினேன். ஒரு கை இசட்டில், மறு கையில் பூனைக்குட்டி. மூன்றாவது கைக்கு எங்கே போவது?

அழுத்தினாள். நடை போயிற்று. குளியல் போயிற்று. அண்ணி சத்தமாக எண்ணினார். ஐம்பத்திரண்டில் அந்த வரி முழுதாக எழுந்து நின்றது.

கூண்டு: சமையலறை. இனம்: அண்ணி. உணவு: மிச்சம் மீதி, கேட்டால் டயட் என்கிறது. மருந்து: காபி, இரண்டு வேளை. குறிப்பு: காலையில் உறுமும். கடிக்காது. தடவிக்கொடுக்க ஆளில்லை.

அண்ணி எண்ணுவதை நிறுத்தினார். அவள் விரல் இசட்டிலேயே நின்றது. பெட்டி கட்ட வேண்டியதுதான், எந்தப் பேருந்து என்றுகூட யோசித்துவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே? அம்பத்திமூணு."

அழுத்தினாள். எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூறு. (நூறில் கணினி ஊமையாகிவிடும் முடிவு ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். மூன்று நாய்களும் என்னைப் பார்த்த பார்வையில் கன்ட்ரோல் இசட் போட்டுவிட்டேன்.) தொண்ணூற்று நாலில் மருந்து நெடுவரிசை ஒரு குதி குதித்தது. ஆமை நலமாயிற்று. மூன்றாவது கூண்டுக்கு நேராக வலிப்பு மாத்திரை, அரை.

பன்னிரண்டடிக்க ஐந்து நிமிடம். அண்ணி மாத்திரையோடு ஓடினார். நாய் கையோடு சேர்த்து நக்கித் தின்றது.

6.

நல்லபடியாக முடிந்தது, எழுந்து போகலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணி திரும்பி வந்தார்.

"தள்ளு. நான் கொஞ்சம் உக்காரணும்."

உட்கார்ந்து, ஒற்றை விரலால் நாற்பத்தோராவது வரியில் தட்ட ஆரம்பித்தார். கூண்டு: சமையலறை. இனம்: அண்ணி. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. 'தடவிக்கொடுக்க ஆளில்லை' வந்ததும் நின்றார். 'ஆளில்லை'யை அழித்து 'ஆள் வந்தாச்சு' என்று அடித்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

இப்போது இன்னொரு ஒப்புதல். இந்த அட்டவணையில் கடைசியாக ஒரு நெடுவரிசை உண்டு. உங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன். மறைக்கவும் ஒரு ஷார்ட்கட் இருக்கிறது. அதன் தலைப்பு: திரும்பிப் போகும் நாள். வந்தவற்றுக்கெல்லாம் அதில் தேதி இருக்கும். யாரும் கூட்டிப்போக வராமல் தங்கிவிட்ட ஆமைக்கும் பூனைக்குட்டிக்கும் மட்டும் 'நம்ம வீடு' என்று போட்டிருக்கும்.

தன் வரியின் கடைசிக் கட்டத்தில் அண்ணி 'நம்ம வீடு' என்று அடித்தார். கீழே வந்தார். நாற்பத்திரண்டாவது வரி. இனம்: நாத்தனார். நடுவில் இருந்ததையெல்லாம் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்குப் போனார். அது காலியாக இருந்தது.

"மேல இருக்கிறதை அப்படியே கீழே இறக்க ஏதோ அழுத்துவியே, அது என்ன?"

"கன்ட்ரோலும் டியும், அண்ணி."

அண்ணி இடது கைவிரலால் கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலது கைவிரல் எழுத்துகளுக்கு மேல் அலைகிறது. அவருக்கு எந்த எழுத்து எங்கே என்று இன்னும் பழகவில்லை. அவள் சொல்ல மாட்டாள், அவளாகச் சொன்னால் கேட்டு வாங்கியது மாதிரி ஆகிவிடும். நானும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

டி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.