மஃபின் எவ்வளவு வளரும்?

ஞானசீலனுக்கு எதையும் அளவாக வாங்கிப் பழக்கமில்லை. மகளுக்கு ஷூ வாங்கினால் முன்னால் பஞ்சு அடைக்க வேண்டியிருக்கும். ஈஸ்டர் கவுன் வாங்கினால் இரண்டு மடிப்பு உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். அது உடம்புக்குப் பொருந்துவதற்குள் சாயம் போயிருக்கும். கேட்டால் "வளர்ற பிள்ளை" என்பார். கலிபோர்னியாவுக்கு வந்து, லிவர்மோரில் சொந்த வீடு, சான் ஹோசேயில் மேனேஜர் வேலை என்று ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதே புத்தியோடுதான் குதிரையும் வாங்கினார்.

2004 கோடையில் பிரீத்தாவுக்கு ஒன்பது வயது. ஊர் எல்லையில் ராஞ்ச் என்கிற குதிரைப் பண்ணையில் ஒரு வருஷமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள். தனக்கே தனக்கென்று ஒரு குதிரை வேண்டும் என்று அடம். ராஞ்சை நடத்திய டயான், ஏழு வயதுக் குதிரை ஒன்றைக் காட்டினாள். பரம சாது, நாளைக்கே ஏறலாம் என்றாள். ஞானசீலனுக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்துத் தடுப்பில் ஒரு வயதுக் குட்டி நின்றது. வெல்ஷ் போனி, சாக்லேட் நிறம். உடம்பு கொஞ்சம், கால்கள் மட்டும் நெடுநெடுவென்று இருந்தன.

"காலைப் பாரு ஜெயா. இந்த வயசுலயே இவ்ளோ நீளம்னா, ஃபுல்லா வளந்தா எப்படி நிக்கும்! ரெண்டும் சேந்தே வளரட்டும்."

அவர் மனைவி ஜெயசெல்வி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். "தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேட்டுட்டு டிசைட் பண்ணுங்க" என்றாள்.

"இதுகூடவா எனக்குத் தெரியாது?"

நாலு வயது ஆகும்வரை குட்டிமேல் யாரும் ஏறக்கூடாது என்று டயான் எச்சரித்தாள். மூன்று வருஷம்தானே என்றார் ஞானசீலன். பிரீத்தா அதற்கு மஃபின் என்று பெயர் வைத்தாள். சர்ச் முடிந்து காபி குடிக்கும்போதெல்லாம் ஞானசீலன் குதிரைப் பேச்சை எடுத்தார். குட்டியாக வாங்கிய தன் சாமர்த்தியத்தைக் கேட்காத ஆள் அந்தச் சபையில் இல்லை.

அடுத்த வசந்தத்தில் தடுப்பூசி போட மிருக டாக்டர் வந்தார். பிரீத்தா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். எவ்வளவு உயரம் வரும் என்று ஞானசீலன் போகிறபோக்கில் கேட்டார். டாக்டர் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். குட்டியின் நெஞ்சை ஒட்டி முன்னங்கால் மடங்கும் மூட்டிலிருந்து குளம்புக்கு மேலுள்ள மூட்டுவரை அளந்தார். அதே நூலை அப்படியே மேல்நோக்கித் திருப்பிப் பிடித்தார்.

"இவ்வளவுதான். முதுகுவரை நாலடி. போனி என்றாலே குட்டைக் குதிரை இனம், அதற்குக் கால் முதலிலேயே வளர்ந்துவிடும். நீளக் கால் என்றால் இனி வளரும் என்று அர்த்தமில்லை, வளர்ந்து முடித்துவிட்டது என்று அர்த்தம்."

பிரீத்தா அப்போதே நாலரை அடி. ஜெயசெல்வி வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாசலில் குனிந்து நுழைகிறவர்கள். ஞானசீலனுக்குக் கணக்கு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. சேணம் போடும் வயது வருவதற்குள் குதிரைக்குப் பிரீத்தா பெரிசாகிவிடுவாள்.

பிரீத்தா வாளியோடு வந்தாள். "வாட் டிட் ஹி ஸே, டாடி?"

"நல்லா பெருசா வரும்னாரு."

அதைத் திருத்திக்கொள்ள அவருக்கு முழுசாக இரண்டு வருஷம் கிடைத்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் பிள்ளை இரண்டு நாள் அழுதிருப்பாள். டயான் வேறு குதிரை மாற்றிக் கொடுத்திருப்பாள். ஆனால் ஜெயசெல்வி "நான் அப்பவே சொன்னேன்ல" என்பாள். சபையில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார் மனிதர்.

பிரீத்தா காத்திருந்தாள். சாணம் அள்ளினாள், பிடரி வாரினாள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மஃபினின் கூடவே நடந்தாள். அவளோடு வகுப்பில் சேர்ந்த பெண்கள் குதிரைமேல் தடை தாண்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் தடுப்புக் கட்டையில் பென்சிலால் இரண்டு கோடு போடுவாள், அதற்கு ஒன்று, தனக்கு ஒன்று. மஃபினின் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. அவளுடையது ஏறிக்கொண்டே போனது.

"ஹி இஸ் நாட் க்ரோயிங், டாடி."

"வளரும், வளரும். சில குதிரைக்குக் கொஞ்சம் லேட் ஆகும்."

2007 கோடையில் மஃபினுக்கு நாலு வயது முடியும், சேணம் போடலாம். பிப்ரவரியில் பிரீத்தா ஐந்தடி இரண்டங்குலம்.

அந்த வீட்டில் காலையில் சத்துமாவுக் கஞ்சி குடிக்காமல் யாரும் பள்ளிக்கூடம் போக முடியாது. ஜெயசெல்வியே வறுத்து அரைத்தது, வெல்லம் போட்டது. "குடி, அப்பதான் நல்லா ஹைட் வருவ" என்று மூன்று வயதிலிருந்து சொல்லிச் சொல்லிக் கொடுத்தது. பிரீத்தா யோசித்தாள். வளர வேண்டியது தான் அல்ல, மஃபின். கஞ்சியைப் பள்ளிக்கூடத்தில் குடிக்கிறேன் என்று சொல்லி ஃபிளாஸ்கில் வாங்கிக்கொண்டாள். டப்பாவிலிருந்தும் மாவை எடுத்து வெல்லத்தோடு உருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். டப்பா சீக்கிரம் காலியாவதைப் பார்த்து ஜெயசெல்விக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிள்ளைக்கு இப்போதுதான் பசி எடுக்கிறது என்றாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை டயான் போன் பண்ணினாள். அப்பாவும் மகளும் போனபோது மஃபின் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு நின்றுகொண்டிருந்தது. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அதே டாக்டர்தான் வந்தார். குளம்பை எக்ஸ்ரே எடுத்தார்.

"இதற்கு யார், என்ன போட்டது?"

பிரீத்தா ஒன்றையும் மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் சத்துமாவு உருண்டை, ஃபிளாஸ்க் கஞ்சி. போதாதென்று பெரிய குதிரைகளின் தானியப் பெட்டியிலிருந்து இரண்டு பெரிய அகப்பை. இரண்டு மாதமாக. அது பெரிதாக வேண்டுமே என்று போட்டாளாம்.

மலையில் காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கிற இனம் இது, சத்தான தீனி போட்டால் குளம்பில்தான் போய் இறங்கும் என்றார் டாக்டர். உள்ளே எலும்பு பிடி விட்டுச் சரிந்துவிட்டது. இனி நின்றாலும் வலி, படுத்தாலும் வலி. ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் இரக்கம்.

பிரீத்தா மஃபினின் பிடரியில் முகம் புதைத்து விம்மினாள். டாக்டர் ஞானசீலனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நூல் பிடித்து அளந்தது டாக்டருக்கு ஞாபகம் இருந்தது. ஞானசீலன் தன் ஷூவைப் பார்த்தார். டாக்டர் சம்மதத் தாளை நீட்டினார், ஞானசீலன் கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரில் பிரீத்தா பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டெல்லாம் சாக்லேட் நிற ரோமம். ராஞ்சு கேட்டைத் தாண்டியதும் சொன்னாள்.

"ஐ கில்ட் ஹிம், டாடி."

ஞானசீலன் காரை மெதுவாக்கினார். அது வளராதென்று எனக்குத் தெரியும்மா, உன்கிட்ட பொய் சொன்னது நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டைவரை வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அழுத கண்களில் அப்பாமேல் ஒரு துளி சந்தேகமில்லாமல். அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனசு வரவில்லை.

"இதுக்குத்தான் சொல்றது, பெரியவங்களைக் கேக்காம எதையும் செய்யக் கூடாதுன்னு."

"ஸாரி, டாடி."

"சரி, பரவாயில்ல விடு. டாடிக்கு உன் மேல கோவம் இல்ல" என்று ஞானசீலன் மகளை மன்னித்தார்.