கூகை ஏறிய லிஃப்ட்

"கூகைக்கு லிஃப்ட் ஓட்டத் தெரியும். நேத்து சாயங்காலம் தனியா ஏறி, தானே பட்டனை அழுத்தி, மொட்டைமாடிக்குப் போயிடுச்சு."

லிஃப்ட்டுக்காரர் இப்படி அறிவித்தபோது, குடியிருப்பு வாசலில் பால் வாங்க நின்ற யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற மெக்கானிக் அவர். நின்றுபோன லிஃப்டை ஒரே தும்மலில் ஓட வைத்ததாகச் சொல்லிக்கொள்பவர். அவரிடம் காது குத்திக்கொள்ளாத ஆளே அந்தக் கட்டடத்தில் இல்லை.

சாட்சி ஒருவர் இருந்தார். லிஃப்ட்டுக்காரர் மனைவியின் தம்பி, கட்டடச் சங்கத்தின் செயலாளர். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசையே சந்தேகப்பட்டுப் பழகிய கண். அவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார்.

தெரியாமல் என்ன? ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தவர்தானே.

சில வாரங்களுக்கு முன் ஒரு காலை, லிஃப்ட் குழிக்குள் பாம்பு சீறுவதாகக் காவலாளி ஓடிவந்தார். லிஃப்ட்டுக்காரர் லிஃப்டை முதல் மாடியில் நிறுத்தி, கீழ்க்கதவைச் சாவி போட்டுத் திறந்து, டார்ச் அடித்தார். பாம்பு இல்லை. தட்டுபோல ஒரு வெள்ளை முகம் அவரை முறைத்தது. கூகை ஆந்தை. இறக்கை இரண்டும் கிரீசில் ஊறிப் பறக்க முடியாமல் கிடந்தது. கிடந்த இடம்தான் மோசம்: லிஃப்ட் மேலே ஏறினால், மறுமுனையில் தொங்கும் எதிர் எடை இரும்பு நேராக அதன் தலையில் வந்து இறங்கும்.

"மாமா, புதுசா குடிவர்றவங்க சாமான் வந்து நிக்குது. லிஃப்டைப் போடணும்" என்றார் மைத்துனர்.

"தாராளமா போடு மச்சான். ஃபியூஸ் என் பாக்கெட்ல இருக்கு. குழிக்குள்ள இறங்குற மெக்கானிக் அதை யார் கையிலயும் குடுக்க மாட்டான்."

"நீங்கதான் ரிட்டையர் ஆயாச்சே."

"பாக்கெட் ஆகலையே."

அதற்குள் மனைவி வந்துவிட்டார். "முட்டி ஆபரேஷன் ஆன மனுஷன் ஏணி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது எனக்கா?"

"ஏறக் கூடாதுன்னுதான் சொன்னாரு. நான் இறங்கத்தானே போறேன்."

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, தடித்த துண்டு ஒன்றை அவர் தோளில் வீசினார். "வெறுங்கையால மட்டும் தொடாதீங்க."

குழியில் இறங்கித் துண்டைப் போர்த்தியதும் கூகை அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. நகம் மறுபக்கம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனதாக அவர் இன்றைக்கும் சொல்வார். அவ்வளவு இல்லை என்றாலும் ரத்தம் வந்தது உண்மை. ஆனால் அவர் பிடியை விடவில்லை. ஒரு கையில் கூகை, மறு கையில் ஏணி, வாயில் டார்ச். முட்டி கெஞ்சியது, அவர் காதில் வாங்கவில்லை.

கால்நடை மருத்துவரம்மாவுக்குப் போன் போட்டார்கள். "தண்ணி, பால், தீனி எதுவும் வேண்டாம். கிரீசையும் நீங்க துடைக்காதீங்க. காத்துத் துளை போட்ட அட்டைப்பெட்டியில, இருட்டா வெச்சு, உடனே கொண்டுவாங்க." பெட்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் ஃபியூஸ் பாக்கெட்டை விட்டு வெளியே வந்தது.

மருத்துவர் அதைக் குளிப்பாட்டி, இறகு தேறும்வரை வைத்திருந்து, நேற்று திருப்பிக் கொடுத்தார். எடுத்த இடத்திலேயே, பொழுது சாயும்போது, உயரத்திலிருந்து விட வேண்டும் என்றார். பெட்டிக்குக் கயிறு கட்டியது மைத்துனர். "நான் முத்திரை வெச்ச தராசுல எவனும் கை வெச்சதில்ல மாமா. இது நான் போட்ட முடிச்சு."

லிஃப்டில் பெட்டியை வைத்துவிட்டு லிஃப்ட்டுக்காரர் வெளியே வந்தார். யாரையும் ஏற்றுவதற்கு முன் கதவு ஓடும் தடத்தை விரலால் தடவிப் பார்ப்பது அவருடைய தொழில் பழக்கம். தடவி நிமிர்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே படபடவென்று சத்தம். எதிலோ மோதிய சத்தம். அவர் வெளிப் பட்டனைத் தேடுவதற்குள் மாடி காட்டும் விளக்கு நகர ஆரம்பித்துவிட்டது.

"மேல யாரோ கூப்பிட்டிருப்பாங்க" என்றார் மைத்துனர்.

விளக்கு எந்த மாடியிலும் நிற்காமல் மொட்டைமாடிக்கே போனது. அங்கே கூப்பிடுவதற்குப் பட்டனே கிடையாது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று அதைக் கழற்றிப் போட்டதே மைத்துனர்தான்.

இருவரும் படியேறினார்கள். முட்டி படிக்கொரு மனு கொடுத்தது. லிஃப்ட்டுக்காரர் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தபடியே ஏறினார். மேலே லிஃப்ட் திறந்து கிடந்தது. பெட்டி சாய்ந்திருந்தது, கயிறு அவிழ்ந்திருந்தது. மொட்டைமாடிப் பட்டனுக்குக் கீழே, கைப்பிடிக் கம்பியில் ஒரு வெள்ளை இறகு. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த கூகை, தலையை மட்டும் திருப்பி இருவரையும் பார்த்துவிட்டு, துளி சத்தமில்லாமல் எழும்பிப் பறந்தது.

மைத்துனர் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தார். "வெளிய சொல்லாதீங்க மாமா." யாரிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள்.

அதனால்தான் இன்று காலை அந்தச் செய்தித்தாள் அவ்வளவு சுவாரசியமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மருத்துவர் போனில் வந்தார். பெட்டியிலிருந்து நேராகப் பறந்ததா என்று கேட்டார். லிஃப்ட்டுக்காரர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

"சார், விளையாடாதீங்க. நிஜமாவே உள்ள மோதியிருந்தா அடிபட்டிருக்கும், ஆள் அனுப்பித் தேடணும். கதைன்னா இப்பவே சொல்லிடுங்க. பக்கத்துல வேற யாராவது இருந்தா குடுங்க."

லிஃப்ட்டுக்காரரின் முகம் சுருங்கியது. போனை நீட்டினார். "மச்சான், எனக்காகச் சொல்ல வேணாம். அது எங்கயாவது விழுந்து கிடந்தா?"

மைத்துனர் செய்தித்தாளை மடித்தார். போனை வாங்கிக்கொண்டார்.

"கயிறு கட்டினது நான்தாம்மா. முடிச்சு அவுந்துடுச்சு. உள்ள மோதின சத்தம் எனக்கும் கேட்டுச்சு. பறந்தப்ப தள்ளாடல. ஆனாலும் ஆளை அனுப்புங்க, எந்த மரத்துப் பக்கம் போச்சுன்னு நானே வந்து காட்டுறேன்."

மருத்துவர் இன்னும் ஏதோ கேட்டார். மைத்துனர் பால் வரிசையைப் பார்த்தார். இப்போது எல்லோரும் திரும்பி நின்றார்கள்.

"ஆமாம்மா" என்றார். "பட்டனை அதுதான் அழுத்துச்சு."