மிளகாயின் கையில் கத்தி

ரேடியோ என்று ஊர் பேர் வைத்த மனுஷனின் வாய் ஓய்ந்து பார்த்தவர் எவரும் இல்லை. அவருடைய சலூனுக்கு வருகிறவர்கள் தலை லேசாகி, காது கனத்துத்தான் வெளியே போவார்கள். வாரத்தில் ஒரே ஒரு கால் மணி நேரம் அந்த மனுஷன் வாயை மூடுவார். திங்கட்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திவிட்டு, கூட்டாளி மிளகாய் அவருக்குச் சவரம் செய்கிற நேரம் அது. பிறகு ரேடியோ மிளகாய்க்குச் செய்வார். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

அன்றைக்கு மிளகாயின் மூக்கு நுனியில் கோபம் ஏறி உட்கார்ந்திருந்தது. பேர் சும்மாவா வந்தது? ஆனாலும் பேசாமல் துண்டைக் கட்டினார், நுரையைப் பூசினார், புது பிளேடு மாட்டினார். கத்தியைத் தாடையில் வைத்தபிறகுதான் ஆரம்பித்தார்.

"தபால்காரர்கிட்ட என்னப் பத்தி என்ன சொன்ன?"

ரேடியோ மாட்டிக்கொண்டார். சொன்னது உண்மைதான். சில மாதங்களாக மிளகாயின் வலது கை நடுங்குகிறது. சவரத்துக்கு வருகிறவர்களை ரேடியோ நைசாகத் தன் நாற்காலிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். தபால்காரர் காரணம் கேட்டார். இந்த வாய் சும்மா இருந்தால்தானே?

"மச்சான், அது வந்து..."

"வாயை ஆட்டாத, வெட்டிடும். கை நடுங்குற ஆளாச்சே நான்!"

ரேடியோ மூடிக்கொண்டார். உள்ளே பதில்கள் முட்டிமோதின. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். யாருக்காவது வெட்டுப்பட்டால் யார் பதில் சொல்வது? போன மாதம் நீ மட்டும் என் தொப்பையைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கவில்லையா? எதையும் சொல்ல முடியாமல் நுரைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"ஊருக்கே சொல்லுவ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்ட. ஆளுங்க ஏன் என் நாற்காலிக்கு வர்றதில்லன்னு எத்தனை நாள் யோசிச்சேன் தெரியுமா? எனக்குத் தொழிலே மறந்துபோச்சோன்னு நினைச்சேன்டா. நாளைக்கே என் நாற்காலியத் தூக்கிட்டுப் போறேன். நீயும் உன் வாயுமா கடைய நடத்துங்க."

வேறு நாளாக இருந்தால், தொழிலே மறந்துபோச்சோ என்று அவர் சொன்னது ரேடியோவின் காதில் விழுந்தே இருக்காது. அதற்குள் இவர் மூன்று பதில் சொல்லி முடித்திருப்பார். இன்று விழுந்தது, நன்றாகவே வலித்தது. தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் அப்படியே அடங்கிப் போயின.

இடது கன்னம் முடிந்து கத்தி நின்றது. "அடுத்து கழுத்து. பயமா இருந்தா எழுந்து போ."

பயமாகத்தான் இருந்தது. ரேடியோ தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் கொடுத்தார்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். முதல்ல உங்கிட்ட சொல்லியிருக்கணும். உன் முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு தைரியம் வரல."

மிளகாய் காத்திருந்தார். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானா? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவ்வளவுதான். நீ பண்ணு."

கத்தி மெல்ல இறங்கியது. காதுக்குக் கீழே சுருக்கென்றது. ரேடியோ அசையவில்லை. மிளகாய் துண்டு நுனியால் ஒற்றிவிட்டு, அதில் ஒட்டிய ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபத்தைக் காணோம்.

"நடுங்குதுடா," என்றார் சின்னக் குரலில். "எனக்கும் தெரியும். ஒத்துக்கத்தான் பயம்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன்."

"நீ வந்தா அவர் எப்பப் பேசுறது?"

ரேடியோ சிரித்தார், நுரை வாய்க்குள் போயிற்று. மிளகாய் கத்தியை நீட்டினார். "இனிமே இது உன்னோடது. நான் கத்தரியோட இருந்துக்கிறேன்."

ரேடியோ அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"வர்றவங்களுக்கு நான் பண்றேன். எனக்கு யாரு பண்ணுவா? மீதியையும் பண்ணு."

மிளகாய் வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.