மேற்கு பார்த்த முகங்கள்

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி இருக்கிற வீட்டை, நாலு பேரிடம் வழி கேட்காமல் எவரும் கண்டுபிடித்ததில்லை. இந்தப் பெண்ணோ காரை விட்டு இறங்கினாள், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்களைச் சுற்றிக்கொண்டு நேரே வாசலில் வந்து நின்றாள். சைபுன்னிசா அப்போதே உஷாரானாள்.

பெயர் பிரியதர்ஷினியாம், சென்னையில் வக்கீலாம். கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்றவர்களை விசாரிக்க ஐரோப்பாவில் ஒரு சர்வதேசக் கோர்ட் இருக்கிறதாம். வட ஆப்பிரிக்க மந்திரி ஒருத்தருக்கு எதிராக அதற்குச் சாட்சி தேடி வந்திருக்கிறாளாம். தேன் ஒழுகப் பேசுகிறவர்களை சைபுன்னிசா நம்புவதில்லை. அவள் வீட்டுக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட்டும் இப்படித்தான் பேசினான்.

"பாய் அங்க பொக்லைன் ஓட்டினாருங்களா?"

"இல்லீங்க. சமையல் வேலை," என்றாள் சைபுன்னிசா, கண் இமைக்காமல்.

அவள் வீட்டுக்காரர் தாஜுதீன் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் உப்பு மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். எட்டு வருஷத்துக்கு முன் வட ஆப்பிரிக்காவில் ஓட்டியது பொக்லைன்தான். அங்கே சண்டை மூண்டபோது ஒரு தளபதியின் ஆட்கள் துப்பாக்கியை நீட்டி அவரைக் குழி தோண்ட வைத்தார்கள். சுட்டுக் கொன்றவர்களை உள்ளே தள்ளிவிட்டு, மண்ணைப் போட்டு மூடச் சொல்லிச் சாப்பிடப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்புவதற்குள் தாஜுதீன் குழிக்குள் இறங்கி, அத்தனை பேரையும் முறைப்படி திருப்பிப் படுக்க வைத்தார். இது அல்லாஹ்வுக்கும் சைபுன்னிசாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அந்தத் தளபதி இன்று அந்த நாட்டு மந்திரி. சைபுன்னிசாவின் தம்பி முஜீப் ரஹ்மான் அதே ஊரில் இன்னும் கடை வைத்திருக்கிறான். இங்கே இவர் வாயைத் திறந்தால் அங்கே அவன் கதி என்ன?

"அந்த மந்திரி மேல கேஸ் இருக்குதா?" என்று கேட்டாள் சைபுன்னிசா.

"வாரண்டே இருக்கும்மா. போட்டு ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப ஏன் பிடிக்கல?"

"கோர்ட்டுக்குன்னு போலீஸ் கிடையாதும்மா. அந்த நாடுதான் பிடிச்சுக் குடுக்கணும்."

"அந்த நாட்டை ஆளுறதே அவன்தான். அவனே அவனைப் பிடிச்சுக் குடுப்பானா?"

சைபுன்னிசா விடவில்லை. "எங்க வீட்டை உங்களுக்கு யார் காட்டினது?"

"அந்தக் குழிதாம்மா. தோண்டிப் பார்த்தப்ப எல்லாரையும் வலப்பக்கமா சாய்ச்சு, வரிசையா வெச்சிருந்தாங்க. கொன்னவன் அப்படி வைக்கமாட்டான். ஆனா எல்லார் முகமும் மேற்கே பார்த்து இருந்துச்சு. முகம் மக்காவைத்தானே பார்க்கணும்? அங்கேருந்து மக்கா கிழக்கு, இங்கேருந்துதான் மேற்கு. அப்ப வெச்சவரு அந்த நாட்டுக்காரரா இருக்க முடியாது, நம்ம பக்கத்துலேருந்து போனவராத்தான் இருக்கணும். அப்ப அங்க பொக்லைன் ஓட்டின இந்தியர் பாய் ஒருத்தர்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது சீல் வெச்ச ஃபைல்மா. கோர்ட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது."

தாஜுதீன் எழுந்து நின்றார். "மேற்கேயா வெச்சேன்?"

சைபுன்னிசாவின் சமையல்காரர் கதை அந்த ஒரு கேள்வியில் காலியானது. அங்கே ஐந்து வேளையும் கிழக்கே பார்த்துத் தொழுதவர்தான். ஆனால் இறந்தவர் உடலை, மய்யித்தை, கபுர்க் குழியில் இறக்கிப் பழகியதெல்லாம் சொந்த ஊரான கோட்டக்குப்பத்தில். தலை வடக்கே, முகம் மேற்கே. பயத்தில் கை தனக்குப் பழகியதைச் செய்துவிட்டது.

"மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் முதுகைக் காட்டி வெச்சுட்டேனே, சைபு! எட்டு வருஷமா நல்லது பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேனே!" தேம்பித் தேம்பி அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்காகவும் அந்தக் குழியில் கிடந்தவர்களுக்காகவும் சைபுன்னிசாவுக்கு நெஞ்சு வலித்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எழுதிக்கங்கம்மா. எல்லாத்தையும் சொல்றேன்."

"என்னங்க, சும்மா இருங்க! மொதல்ல முஜீப் அங்கேருந்து ஃபிளைட் ஏறட்டும்." சைபுன்னிசா செல்போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! நானே போன் பண்ணணும்னு இருந்தேன்," என்றான் முஜீப் உற்சாகமாக. "மந்திரி ஆபீஸ்லேருந்து நேத்து ரெண்டு பேரு கடைக்கு வந்தாங்க. டீ குடிச்சாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க."

"என்னடா கேட்டாங்க?"

"உங்க ஊர்ல மய்யித்தை எந்தப் பக்கம் பார்த்து வைப்பீங்கன்னு கேட்டாங்க. மேற்கேன்னு சொன்னேன். ஏன்க்கா?"

பிரியதர்ஷினி சட்டென எழுந்தாள். "சீல் வெச்ச ஃபைலுன்னீங்களே!" என்றாள் சைபுன்னிசா அவளிடம்.

"முஜீபு, ஷட்டரைக்கூட இறக்காத. பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு அப்படியே கிளம்பு."

"ஒரு நிமிஷம்க்கா," என்றான் முஜீப். "அவங்கதான் மறுபடி வந்திருக்காங்க."